வீட்டுல மூணு மொழி... அதனாலதான் குழந்தை பேசலையா? ஓசூர் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

"ரெண்டு வயசு முடியப்போகுது, இன்னும் பேச்சு வரல." இப்படி ஒரு குழந்தையைப் பற்றி ஓசூர் பக்கம் யாராவது சொன்னால், கேட்பவர் உடனே தரும் பதில் ஒன்று உண்டு. "வீட்டுல பாட்டி தெலுங்கு, அப்பா தமிழ், பக்கத்து வீட்டுல கன்னடம். குழந்தை குழம்பிப்போயிருக்கும். ஒரே மொழியில பேசுங்க, சரியாயிடும்."

நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் ஆலோசனைதான். ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இரண்டாவது சிக்கல்தான் பெரியது. பழியை மொழி மீது போட்டுவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில், காது கேளாமை போன்ற உண்மையான காரணம் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறது.

குழந்தைக்குப் பேச்சு எப்படி வருகிறது, எப்போது கவலைப்பட வேண்டும், ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெற்றோர் என்ன செய்யலாம், உதவி எங்கே கிடைக்கும்? விரிவாகப் பார்ப்போம்.

ஓசூரில் இந்தக் கேள்வி ஏன் அதிகம் எழுகிறது?

1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது. ஆனால் வீடுகளுக்குள் பேசும் மொழி எல்லைக்கோட்டைப் பார்த்து மாறவில்லை. இன்றைக்கும் ஓசூர், தளி, சூளகிரி, வேப்பனப்பள்ளி, பர்கூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம். உருது பேசும் குடும்பங்களும் உண்டு. தெலுங்கு, கன்னட வழியில் பாடம் நடத்தும் அரசுப் பள்ளிகள் இந்த மாவட்டத்தில் இருப்பது இதனால்தான்.

இதன்மேல் வந்து சேர்ந்தது தொழிற்சாலை. சிப்காட் வந்த பிறகு, 1980-களிலேயே அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய நிறுவனங்கள் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டன. அண்மைக் காலத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை என்று பெண் தொழிலாளர்களை அதிகம் சேர்க்கும் ஆலைகளும் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் இருந்து வந்தவர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்தில் இருந்து வந்தவர்களும் இங்கே ஆலைகளிலும் கட்டுமானத்திலும் ரோஜா பசுமைக்குடில்களிலும் வேலை செய்கிறார்கள்.

ஆக, ஓசூரில் ஒரு லைன் வீட்டு வாசலில் விளையாடும் குழந்தையின் காதில் ஒரே நாளில் நாலைந்து மொழி விழலாம். 'வா' என்று கூப்பிட ஒருவர் 'வா' என்பார், இன்னொருவர் 'ரா' என்பார், கன்னடக்காரர் 'பா' என்பார். பால் ஒரு வீட்டில் 'பால்', அடுத்த வீட்டில் 'பாலு', அதற்கடுத்த வீட்டில் 'ஹாலு', எதிர்வீட்டில் 'தூத்'. பெரியவர்களுக்கு இது குழப்பமாகத் தெரியலாம். குழந்தைக்கு?

பல மொழி கேட்டால் குழந்தை குழம்புமா?

பிறந்த குழந்தையின் காது எந்த மொழிக்கும் தயாராகத்தான் இருக்கிறது. இதைக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில் நம் ஊர் ஒலிகளே இடம்பெற்றன. கனடாவில் ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1984-ல் வெளியிட்ட ஆய்வு அது. இந்தியில் உள்ள 'ட', 'த' ஒலி வேறுபாட்டை, ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகளால் உணர முடிகிறதா என்று பார்த்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். 10 முதல் 12 மாதம் ஆனபோது அந்தத் திறன் பெருமளவு போய்விட்டது. வீட்டில் அந்த ஒலி காதில் விழவில்லை, அதனால் மூளை அதைத் தேவையில்லாதது என்று ஒதுக்கிவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது அப்படியே இருந்தது.

இதில் இருந்து தெரிவது என்ன? முதல் பிறந்தநாளுக்கு முன்பே, ஒரு வார்த்தையும் பேசாத காலத்திலேயே, குழந்தை தன்னைச் சுற்றியுள்ள மொழிகளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மொழி கேட்டால் இரண்டுக்கும் இடம் ஒதுக்கும்.

இருமொழிக் குழந்தைகள் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய ஒரு வயதில் முதல் வார்த்தை சொல்கிறார்கள், இரண்டு வயதுவாக்கில் இரண்டு சொல் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு மொழியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் சொற்கள் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். காரணம், சொற்கள் இரண்டு மொழிகளிலும் பங்கு போடப்பட்டிருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஒரு குழந்தைக்குத் தமிழில் 30 சொல்லும் தெலுங்கில் 25 சொல்லும் தெரிந்தால், அந்தக் குழந்தையிடம் 55 சொற்கள் இருக்கின்றன. 'தண்ணி'யும் 'நீளு'வும் அந்தக் கணக்கில் இரண்டு சொற்கள்.

"பாலு வேணும்" என்று குழந்தை இரண்டு மொழியைக் கலந்து கேட்டால் அதுவும் குறைபாடு கிடையாது. ஓசூர் பஸ் நிலையத்தில் பெரியவர்கள் அப்படித்தானே பேசுகிறார்கள்? கேட்டதைத்தான் குழந்தை திருப்பிச் சொல்கிறது.

ஒரே ஒரு சோதனையை மட்டும் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். உண்மையான மொழி வளர்ச்சிக் குறைபாடு இருந்தால், அது குழந்தை கேட்டு வளரும் எல்லா மொழிகளிலும் தெரியும். வீட்டில் தெலுங்கில் சரளமாகப் பேசும் குழந்தை, தமிழ் பேசும் அங்கன்வாடியில் சேர்ந்ததும் சில மாதங்கள் வாய் திறக்காமல் இருந்தால், புதிய மொழியைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வீட்டிலும் பேச்சு இல்லை, வெளியிலும் இல்லை என்றால் "மொழிக் குழப்பம்" என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது.

எந்த வயதில் எது வரணும்?

குழந்தைக்குக் குழந்தை வேகம் மாறும். ஆனாலும் மருத்துவர்கள் பொதுவாகப் பார்க்கும் அடையாளங்கள் இவை:

6 மாதம்: சத்தம் வரும் பக்கம் திரும்ப வேண்டும். முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும்.

9 மாதம்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். 'மாமாமா', 'பாபாபா' போன்ற மழலை ஒலிகள் வர வேண்டும்.

12 மாதம்: டாட்டா காட்டுவது, 'வேண்டாம்' என்றால் ஒரு நொடி நிற்பது, 'அம்மா' போல ஒரு சொல்லால் பெற்றோரைக் கூப்பிடுவது.

18 மாதம்: அம்மா, அப்பா தவிர குறைந்தது மூன்று சொற்களாவது சொல்ல முயல்வது. பிடித்ததை விரல் நீட்டிக் காட்டுவது. 'செருப்பை எடு' என்று சைகை இல்லாமல் சொன்னாலும் புரிந்துகொள்வது.

2 வயது: "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்ப்பது.

இரண்டரை வயது: எல்லா மொழியும் சேர்த்து 50 சொற்கள் அளவுக்குப் பேசுவது.

3 வயது: பேசுவது வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரிவது.

மூன்று வயதில் 'ராஜா'வை 'லாஜா' என்பதும், ழகரம் வராததும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. அந்த ஒலிகள் தாமதமாகத்தான் பழகும். ஆனால் எந்த வயதிலும், ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழந்தால், ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்போ பேச்சு ஏன் தாமதமாகுது?

முதலில் பார்க்க வேண்டியது காது. கேட்காத குழந்தை பேசாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுபோலத் தோன்றினாலும் வீடுகளில் எளிதில் தவறிவிடும். தட்டு கீழே விழுந்தால் திரும்புகிறது, பட்டாசு வெடித்தால் அழுகிறது, அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையான மெல்லிய ஒலிகள் கேட்காமல், பலத்த ஓசை மட்டும் கேட்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிறக்கும்போது நன்றாக இருந்து, அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வதாலும் கேட்கும் திறன் குறையலாம்.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் காரணம் ஒன்று இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, சொந்தத்தில் திருமணம் செய்வதில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சுமார் 28% திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. அடுத்த இடத்தில் இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள கர்நாடகா. மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பாதிப்பு வரும் என்று பொருள் இல்லை. ஆனால் மரபுவழிக் காது கேளாமைக்கான வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட குடும்பங்களில் பிறந்த உடனேயே காது பரிசோதனை அவசியம்.

உலக அளவில் இதற்கு '1-3-6' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவி, பயிற்சி என்று சிகிச்சையைத் தொடங்குவது. "ரெண்டு வயசு வரைக்கும் பாப்போம்" என்பது இந்தக் கணக்கில் மிகவும் தாமதம்.

காது சரியாக இருந்தால் அடுத்து மருத்துவர்கள் பார்ப்பது ஆட்டிசம், அறிவுசார் வளர்ச்சித் தாமதம், மொழி வளர்ச்சியில் மட்டும் உள்ள குறைபாடு போன்றவற்றை. பெயர் சொன்னால் திரும்பாதது, கண்ணைப் பார்க்காதது, 18 மாதமாகியும் விரல் நீட்டிக் காட்டாதது ஆகியவை ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம்.

வேறு காரணம் எதுவும் இல்லாமல் தாமதமாகப் பேசத் தொடங்கி, பிறகு மற்றவர்களை எட்டிப்பிடிக்கும் குழந்தைகளும் நிறைய உண்டு. "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு" என்று பாட்டி சொல்வது சில வீடுகளில் உண்மையாகவே இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், எந்தக் குழந்தை தானாக எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்று முன்கூட்டியே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பரிசோதித்துப் பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

வசம்பு தேய்த்தால் பேச்சு வருமா?

நாக்கில் வசம்பு தேய்ப்பது, தேன் தொட்டு வைப்பது, கோயிலுக்கு மணி நேர்ந்துகொள்வது என்று வீட்டுக்கு வீடு நம்பிக்கைகள் இருக்கின்றன. வேண்டுதல் வைப்பது அவரவர் விருப்பம். ஆனால் பேச்சு உருவாகும் இடம் நாக்கு அல்ல, மூளை. வசம்பால் அதற்குப் பயன் இருப்பதாக மருத்துவ ஆதாரம் இல்லை. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்து. அதில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியா கடுமையான நோயை உண்டாக்கலாம்.

நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருப்பதும் காரணமாகச் சொல்லப்படுகிறது. பால் குடிப்பதிலும் சில ஒலிகளை உச்சரிப்பதிலும் அதனால் சிரமம் வரலாம். ஆனால் குழந்தை சொற்களே கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

செல்போன் பாட்டு மொழி கத்துக்கொடுக்குமா?

"ஏ பி சி டி எல்லாம் சொல்றான், ஆனா தண்ணி வேணும்னா கையைப் பிடிச்சு இழுக்கிறான்." இது இப்போது பல வீடுகளில் கேட்கும் புகார். செல்போனில் பார்த்த பாட்டை ஒப்பிப்பதும், தனக்கு வேண்டியதைக் கேட்பதும் வேறு வேறு திறன்கள்.

அமெரிக்காவில் பாட்ரிசியா கூல் தலைமையிலான குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் வந்து 12 முறை விளையாட்டுக் காட்டினார்கள், கதை சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள் பேசியதை வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகளிடம் அந்தக் கற்றல் நிகழவில்லை. நேரம், சொற்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். திரையில் இருப்பவர் குழந்தையைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை, அதுதான் வேறுபாடு.

2018-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 4 முதல் 6 வயதுள்ள 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். குழந்தை ஒரு நாளில் எத்தனை சொற்களைக் கேட்கிறது என்பதைவிட, பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிக்கொள்வது எத்தனை முறை நடக்கிறது என்பதே மூளையின் மொழிப் பகுதிச் செயல்பாட்டோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குள் உட்காரவைத்துத் திரை காட்டுவது பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஊரில் உள்ள தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை இதோடு சேர்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே எதிர்முனையில் பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

ஷிஃப்ட் வேலை... பேச நேரம் எங்கே?

நியாயமான கேள்வி. காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் 5 மணிக்கே கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும், அப்போது குழந்தை தூக்கத்தில் இருக்கும். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் தூக்கத்தில்தான் இருக்கும். இரவு ஷிஃப்ட் முடித்தவர் பகலில் தூங்க வேண்டும், அந்த நேரத்தில் குழந்தை சத்தம் போடாமல் இருக்கக் கையில் போன். கூட்டுக்குடும்பத்தில் இருந்து பிரிந்து வந்து ஒற்றை அறையில் வாழும் வீட்டில் பேச்சுத்துணைக்குப் பாட்டியும் இல்லை. பெற்றோரின் அக்கறையில் குறையில்லை. வேலை நேரமும் வீட்டு அமைப்பும் சேர்ந்து உரையாடலைச் சுருக்கிவிடுகின்றன.

இதற்குத் தனியாக 'பயிற்சி நேரம்' ஒதுக்க வேண்டியதில்லை என்பது ஆறுதலான செய்தி. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, துணி மடிப்பது, கடைக்குப் போவது என்று எப்படியும் செய்யும் வேலைகளிலேயே பேச்சைச் சேர்க்கலாம். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவதும், உள்ளங்கையில் பருப்பு கடைந்து கிச்சுகிச்சு மூட்டுவதும் நம் வீடுகளில் காலங்காலமாக இருந்த மொழிப் பயிற்சிதான்.

பேச்சுப் பயிற்சியாளர்கள் பெற்றோருக்குச் சொல்லித்தரும் எளிய வழிகள் சில:

குழந்தை பார்ப்பதைப் பற்றிப் பேசுவது. அது நாயைப் பார்த்தால் நாயைப் பற்றி. "இங்க பாரு, இது என்ன கலர்?" என்று வேறு பக்கம் இழுப்பதைவிட இது பலன் தரும்.

காத்திருப்பது. ஏதாவது சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து, பத்து வரை எண்ண வேண்டும். பெரியவருக்கு அது நீண்ட நேரமாகத் தெரியும். குழந்தைக்குப் பதிலைத் தேட அவ்வளவு நேரம் வேண்டும்.

ஒரு சொல்லை நீட்டிக் கொடுப்பது. குழந்தை 'பஸ்' என்றால், "ஆமா, பெரிய பஸ் வருது" என்று சொல்லலாம்.

திருத்தாமல் திருத்துவது. 'லாஜா' என்றால் "அப்படிச் சொல்லாத" என்று அதட்டாமல், "ஆமா, ராஜா வந்துட்டான்" என்று சரியான ஒலியைக் காதில் போடுவது.

தேர்வு கொடுப்பது. கேட்கும் முன்பே எடுத்துக் கொடுத்துவிட்டால் பேசத் தேவையே வராது. "பால் வேணுமா, பழம் வேணுமா?" என்று கேட்டு, விரல் நீட்டினாலும் அதைப் பதிலாக ஏற்று, சொல்லைச் சொல்லிக் கொடுக்கலாம்.

குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்பவர் யாராக இருந்தாலும், பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ, இந்த வழிகளை அவரிடமும் சொல்லிவைப்பது முக்கியம். விழித்திருக்கும் நேரத்தில் பாதி அவரிடம்தான் போகிறது.

எந்த மொழியில் பேசணும்?

யாருக்கு எந்த மொழி சரளமோ அந்த மொழியில். இதுதான் நேரடியான பதில்.

தமிழ் சரியாக வராத ஒடியா அம்மா, "குழந்தை இங்கதானே படிக்கணும்" என்று தனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ் வாக்கியங்களில் மட்டும் பேசினால், குழந்தைக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து வாக்கியங்கள்தான். கதை, கேலி, கொஞ்சல், கோபம், விளக்கம் எல்லாம் அம்மாவின் சொந்த மொழியில்தான் முழுதாக வரும். தெலுங்குப் பாட்டியைத் தமிழில் மட்டும் பேசச் சொன்னாலும் இதேதான் நடக்கும். பாட்டி பேச்சைக் குறைத்துக்கொள்வார், குழந்தை ஒரு பேச்சுத்துணையை இழக்கும்.

வீட்டு மொழியில் பலமாக ஊன்றிய குழந்தைக்குத் தமிழ் கற்பது எளிதாகவே இருக்கும். தெருவும் அங்கன்வாடியும் பள்ளியும் தமிழைத் தந்துவிடும். 2006-ம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்', புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு 'தமிழ் மொழி கற்போம்' என்று அரசுத் திட்டங்களும் இருக்கின்றன. ஆனால் இவை எல்லாம் தொடங்குவது ஐந்து வயதுக்கு மேல். பேச்சுக்கு அடித்தளம் விழுவது அதற்கு முன்னால்.

அங்கன்வாடி, காப்பகம்: சட்டம் என்ன சொல்கிறது?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. இரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் உண்டு. பாட்டு, கதை, உரையாடல் எல்லாம் அதில் இருக்கின்றன. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மையத்தில் இருந்து கிடைப்பது பெரும்பாலும் சத்துமாவும் எடை பார்ப்பதும்தான். பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்காக மத்திய அரசு 2024-ல் 'நவசேதனா' என்ற வழிகாட்டியைக் கொண்டுவந்தது. வீட்டில் குழந்தையோடு என்ன பேசலாம், என்ன விளையாடலாம் என்பதை அது மாதவாரியாகச் சொல்கிறது. அது லைன் வீடு வரைக்கும் வந்து சேர வேண்டும்.

அங்கன்வாடி பிற்பகலில் முடிந்துவிடும், ஷிஃப்ட் அந்த நேரத்தில் முடியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் தொழிற்சாலைக் காப்பகம். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் 50 பேர் என்ற கணக்கில் காப்பக விதி தொடர்கிறது.

சட்டம் சுவரையும் தொட்டிலையும் கேட்கிறது. அந்த அறையில் குழந்தையோடு பேசுவதற்கு ஆள் இருக்கிறதா, எத்தனை குழந்தைக்கு ஒருவர், அவருக்குப் பயிற்சி உண்டா, பிள்ளைகளை டிவி முன்னால் உட்காரவைத்துவிடுகிறார்களா என்பதைப் பெற்றோரும் தொழிற்சங்கமும்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பிஞ்சுக் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் எட்டு மணி நேரம் அங்கேதான் இருக்கப்போகிறது.

சந்தேகம் வந்தால் எங்கே போகணும்?

முதல் படி அங்கன்வாடி அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். வளர்ச்சித் தாமதமும் காது கேளாமையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குழு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்தது மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். குழந்தை மருத்துவர், காது கேட்கும் திறன் நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் ஆகியோர் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். எங்கே, எந்த நாளில் போகலாம் என்று ஓசூர் அரசு மருத்துவமனையிலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேட்கலாம். 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு. எல்லை தாண்டிப் போக முடிந்தவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ், 1965-ல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனம் ஆகிய மத்திய அரசு நிறுவனங்கள் இருக்கின்றன.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் காதுக்கருவி போதவில்லை என்றால், 'காக்ளியர் இம்ப்ளான்ட்' என்ற உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. இதற்கு வயது வரம்பு ஆறு. "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் இந்த வரம்பில் இருந்து கழிகிறது. கருவி பொருத்தினால் மறுநாளே பேச்சு வந்துவிடாது, நீண்ட காலப் பயிற்சி வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிப்பதற்குத் தொழிலாளர் துறையின் சான்று இருந்தால் இந்தக் காப்பீட்டில் சேர வாய்ப்பு உண்டு.

பேச்சுத் திறன் குறைபாடு, காது கேளாமை, ஆட்டிசம் மூன்றும் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற 21 வகைகளில் வருகின்றன. அடையாள அட்டை, உதவித்தொகை, பயிற்சி மையங்கள் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

தனியார் 'ஸ்பீச் தெரபி' மையத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பயிற்சி அளிப்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா? கேட்பதற்குத் தயங்க வேண்டாம். காது பரிசோதனையே செய்யாமல் நேராகப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் இடத்திலும் எச்சரிக்கை தேவை.

மருத்துவரிடம் போகும்போது எதைச் சொல்லணும்?

வீட்டில் யார் யார், எந்தெந்த மொழியில் குழந்தையோடு பேசுகிறார்கள். ஒவ்வொரு மொழியிலும் குழந்தை சொல்லும் சொற்கள் என்னென்ன. பகலில் பார்த்துக்கொள்பவர் யார். நெருங்கிய உறவில் திருமணமா. குடும்பத்தில் காது கேளாதவர் உண்டா. பிறந்தபோது எடை குறைவு, மஞ்சள் காமாலை, தீவிர சிகிச்சை ஏதாவது இருந்ததா. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். குழந்தை வீட்டில் விளையாடும் இரண்டு நிமிட வீடியோவும் உதவும். புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறக்காது.

"வீட்டுல தெலுங்கை நிறுத்திட்டு ஒரே மொழியில பேசுங்க" என்பது மட்டுமே ஆலோசனையாகக் கிடைத்தால், பெற்றோர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "காது டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சா?"